கூடலூர் – பந்திப்பூர் சாலையில் யானை எதிர்ப்பட்டால் எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது?

வழிப்போக்கன்:
ஊட்டியிலிருந்து கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர் வழியாக மைசூருக்குக் காரில் போகிறோம். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். தம்பி பைக்கில் பின்னால் வருவான். சாலையோர யானையைப் பலரும் இறங்கிப்போய்ப் படம் எடுக்கிறார்களே, எத்தனை மீட்டர் தள்ளி நின்றால் ஆபத்தில்லை? நடுச்சாலையில் நின்றால் என்ன செய்வது?

கூடலூர்க்காரர்:
இறங்கவே கூடாதுங்க. 2025 ஆகஸ்டில் இதே பந்திப்பூர் சாலையில் படம் எடுக்கக் கிட்டே போனவரை யானை துரத்தி மிதித்தது. உயிர் தப்பினார், வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டது.

புலிகள் காப்பகங்களில் சஃபாரி வண்டிகளுக்கான விதி 20 மீட்டர். அது பழகிய ஓட்டுநருக்கு. யானை சிறிது தூரத்துக்கு மணிக்கு சுமார் 25 கி.மீ. வேகத்தில் ஓடும், அதாவது வினாடிக்கு 7 மீட்டர். 20 மீட்டரைக் கடக்க அதற்கு மூன்று வினாடி போதும். அதற்குள் நீங்கள் ரிவர்ஸ் கியர்கூடப் போட்டு முடித்திருக்க மாட்டீர்கள். சொந்தக் காருக்கு 50 மீட்டருக்குக் குறையவே வேண்டாம்.

ஓரத்தில் மேய்கிற யானைக்காக நிறுத்தாதீர்கள், ஒரே சீராகக் கடந்து போங்கள். சாலையில் நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுப் பின்னால் வருபவருக்குத் தெரியப்படுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும், ஆனால் உறும விடாதீர்கள். ஹாரன், ஹெட்லைட் சிமிட்டல், ஃபிளாஷ் மூன்றும் கூடாது. முன்வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே மூன்று கார் அளவு இடம் விடுங்கள். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்: ஒட்டி ஒட்டி நிற்பதால், யானை திரும்பும்போது முதல் வண்டியால் பின்வாங்க முடியாது.

சோலைக்குருவி:
மீட்டரைவிட முக்கியம், யானை நம்மைக் கவனிக்கத் தொடங்கிவிட்டதா என்பது. காதை ஆட்டிக்கொண்டு புல் பிடுங்கித் தின்கிற வரை நிம்மதியாக இருக்கிறது. மேய்ச்சலை நிறுத்தி, காதாட்டமும் நின்று, அசையாமல் நின்றால் நம்மை எடை போடுகிறது. தலையைத் தூக்கி, காதை விரித்து, வாலை விறைத்தால் உடனே மெதுவாகப் பின்வாங்குங்கள். சில சமயம் பாதி தூரம் ஓடிவந்து நின்றுவிடும். அதை 'சும்மா மிரட்டல்' என்று நினைத்து அங்கேயே நிற்பவர்கள் உண்டு. அடுத்த ஓட்டம் நிற்காது.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் ஈரம் வழிந்தால் மதநீர். அந்த ஆண் யானையைப் பார்த்தால் 100 மீட்டரும் குறைவு. தந்தமில்லாத ஆண் யானையான மக்னாவுக்கும் மதம் பிடிக்கும்; கொம்பில்லையே என்று பெண் யானையாக எண்ணிவிடாதீர்கள்.

கூட்டம் கடக்கும்போது பெரியவை போய்விட்டதும் கிளம்பக் கூடாது. குட்டி இந்தப் பக்கம், தாய் அந்தப் பக்கம் என்றிருக்க நடுவே வண்டி நுழைந்தால் கூட்டமே திரும்பும். கடைசி யானை மரத்துக்குள் மறைந்தபின் இரண்டு நிமிடம் பொறுங்கள்.

வழிப்போக்கன்:
நன்றி. பைக்கில் வரும் தம்பிக்கு?

கூடலூர்க்காரர்:
உங்கள் காருக்குப் பின்னாலேயே, கண்ணுக்குத் தெரியும்படி வரச் சொல்லுங்கள். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் யானை தாக்கி இறந்த ஜெர்மானியப் பயணி வந்தது பைக்கில்தான். மற்றவர்கள் தடுத்தும் கடக்கப் பார்த்தார். யானை நின்றால் 100 மீட்டருக்கு முன்பே பைக்கைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். 'இறக்கத்தில் யானை ஓடாது' என்பதை நம்ப வேண்டாம், நன்றாகவே இறங்கும்.

பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். கேட் மூடுமுன் தாண்டிவிட இருட்டில் விரட்டி ஓட்டாதீர்கள், வளைவில் யானை நிற்பது கடைசி நொடியில்தான் தெரியும். மதியத்துக்குள் கூடலூரை விட்டுக் கிளம்புங்கள்.

தாளவாடி வாசகர்:
ஒன்று விட்டுப்போனது. பழம், பிஸ்கட் எதையும் வெளியே நீட்டாதீர்கள். சத்தியமங்கலம் – மைசூர் சாலையில் காரப்பள்ளம் பக்கம் லாரியிலிருந்து கரும்பு விழுந்து விழுந்து, யானைகள் சாலையில் காத்துநின்று வண்டியை மறிக்கப் பழகிவிட்டன. குரங்குக்கு நீட்டிய சிப்ஸ் பாக்கெட்டும் அப்படித்தான்: அடுத்த காரின் கண்ணாடிக்குள் கை வரும். சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. தின்பண்டப் பையைக் கட்டி டிக்கியில் வையுங்கள். பிள்ளைகள் பக்கக் கண்ணாடியைத் தெப்பக்காட்டுக்கு முன்பே ஏற்றிப் பூட்டிவிடுங்கள்.