செசபீக் விரிகுடாவுக்கு ஜே/30-ஆ, கேட்டலினா 30-ஆ?

கேள்வி: அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவில் ஓட்டப் பாய்மரப் படகு தேடுகிறேன். 1982-இல் கட்டிய ஜே/30 ஒன்று, 1984-இல் கட்டிய கேட்டலினா 30 ஒன்று விலைக்கு வந்திருக்கின்றன. வாரம் ஒரு மாலைப் பந்தயம், அவ்வப்போது குடும்பத்தோடு மூன்று நாள் பயணம். எதை வாங்கலாம்? வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1: பந்தயம்தான் முக்கியமென்றால் ஜே/30. எடை சுமார் 7,000 பவுண்டு, கேட்டலினா 10,200. கோடைக்கால மெல்லிய காற்றில் இது உடனே தெரியும். வெவ்வேறு படகுகளின் வேகத்தைச் சமன்செய்யப் பந்தயங்களில் பயன்படும் பி.எச்.ஆர்.எஃப். கணக்கில் ஜே/30 கடல்மைலுக்கு ஏறத்தாழ 40 விநாடி வேகம். ஆனால் ஜே/30-இன் மேல்தளம் மட்டுமல்ல, உடற்கூடும் பால்சா என்ற லேசான மரத்தை நடுவில் வைத்துச் செய்தது. நீர் பரவலாகப் புகுந்தால் செலவு படகின் விலையையே தாண்டிவிடலாம். அடிப்பகுதியில் குழாய்கள் வெளியேறும் துளைகள், கைப்பிடிக் கம்பிகளின் அடி, செயின்பிளேட் (பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் உலோகத் தகடு) ஆகியவற்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள். 'டக்' என்றால் நல்லது, 'பொத்' என்றால் ஊறிவிட்டது. இடம் சிறிதென்றால் துளையைப் பெரிதாக்கி, உளுத்த மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, கெட்டியான எபாக்சி பிசின் நிரப்பி மறுபடி துளையிடலாம்.

பதில் 2: குழந்தைகள் வருவார்களென்றால் என் ஓட்டு கேட்டலினாவுக்கு. உள்ளே இடம் தாராளம். ஆனால் பாய்மரம் மேல்தளத்தில் நிற்பது. அதைத் தாங்கும் உள்தூணின் அடிக்கட்டை உளுத்தால் தளம் அமுங்கும், கழிப்பறைக் கதவு இறுகும், பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் தளரும். கீல், அதாவது படகின் அடியில் நீருக்குள் நிற்கும் கனத்த பகுதி, உடற்கூட்டோடு சேரும் இடத்தில் முன்பக்கம் வளைந்த விரிசல் இருக்கிறதா பாருங்கள். மேலே பூசி மறைத்திருந்தால் கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பதில் 1 எழுதியவர் மீண்டும்: சாதாரணக் கீல் என்றால் இரண்டுமே நீருக்குள் 5 அடி 3 அங்குலம். ஆழம் குறைந்த ஓடைகளில் தங்க ஆசையிருந்தால் இரண்டிலுமே கவனம் தேவை.