செங்குழியத்தில் கோலினெஸ்தரேஸ் அளக்க உதவி தேவை

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். கற்பிட்டித் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பவர்களின் இரத்தம்தான் என் ஆய்வு. அந்த மருந்து முடக்குவது அசற்றைல்கோலினெஸ்தரேஸ் (சுருக்கமாகக் கோலினெஸ்தரேஸ்) என்ற நொதியத்தை. மூளையில் அது எவ்வளவு முடங்கியது என்று பார்க்க மூளையைத் தொட முடியாது. ஆனால் அங்குள்ள அந்த நொதியத்துக்கு உரிய அதே மரபணுதான் செங்குழியத்தில் இருப்பதற்கும். மூளைக்குள் நடப்பதை இது அப்படியே காட்டாது, ஆனாலும் கைக்கு எட்டுவது இதுதான்.

எல்மன் 1961இல் தந்த முறையில் செய்கிறேன். நொதியம் வேலை செய்யச் செய்ய, குவெற்றுக்குள் (ஒளி பாய்ச்சி அளக்கும் சிறு பாத்திரம்) மஞ்சள் நிறம் மெல்ல ஏறும். சிக்கல் என்னவென்றால், அந்த மஞ்சளை அளக்கும் 412 நானோமீற்றர் ஒளியலைநீளத்தில் ஈமோகுளோபினும் ஒளியை விழுங்குகிறது. 436இல் அளந்து பழகியவர்கள், இரத்தத்தை எத்தனை மடங்கு ஐதாக்கினீர்கள்? அப்புறம், கொழும்புக்குக் கொண்டுவரும் வழியிலேயே குழாய்க்குள் இரத்தத்தில் உள்ள பூச்சிமருந்து நொதியத்தை முடக்கிக்கொண்டே இருக்குமே, அதை எப்படித் தடுத்தீர்கள்?

ஊசிக்குக் கை நீட்டிய ஐயா ஒருவர், "என்ர தலைக்கு ஒண்டுமில்லைத்தானே தம்பி?" என்று கேட்டார். அவருக்குப் பிழையான இலக்கம் சொல்ல மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.