லண்டனில் பேச ஆள் இல்லையா? ஊரார் சேர்ந்து செய்யும் கலை வேலையில் பெயர் கொடு

தங்கை, "வேலை கிடைத்துவிட்டது, வீடும் கிடைத்துவிட்டது, பேசத்தான் ஆள் இல்லை அக்கா" என்று எழுதியிருந்தாய். ஒன்பது வருஷம் அங்கே இருந்துவிட்டு மஞ்சக்குப்பம் திரும்பியவள் நான். முதல் வருஷம் எனக்கும் அப்படித்தான் போனது. அதை மாற்றியது ஒரு நூலகச் சுவர்.

அந்தச் சுவருக்கு மொசைக் ஓவியம் செய்ய ஆள் தேவை என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். போனேன். ஆளுக்கு ஒரு சதுர அடி. உடைந்த டைல்ஸ் துண்டுகளை வைத்து நான் சிக்குக் கோலம் போட்டேன். பக்கத்திலிருந்த பாட்டி, கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரலால் தேடிக்கொண்டே இருந்தார். அடுத்த சனிக்கிழமை எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். எந்த டாக்டரிடம் பதிந்துகொள்வது, குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். மார்கழியில் புதுப்பாளையம் தெருவில் கோலம் போடும்போது எதிர்வீட்டு அத்தையோடு பேச்சு தானாக வருமே, அதேதான். கை வேலையாக இருக்கும்போது உச்சரிப்பை நினைத்துக் கூச்சம் வராது.

படம் வரையத் தெரியாதே என்று தயங்காதே. டிரஃபால்கர் சதுக்கத்தில் சிலைக்காகக் கட்டி, பணம் போதாமல் வெறுமையாக விட்ட பீடம் ஒன்று உண்டு. 2009-இல் சிற்பி ஆண்டனி கோர்ம்லி அதன்மேல் சாதாரண மக்களையே ஏற்றினார். 2,400 பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம், இரவு பகலாக 100 நாள். விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில்தான் ஆள் எடுத்தார்கள். மேலே ஏறி என்ன செய்வது என்பது அவரவர் விருப்பம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. மொசைக் வேலையில் சேரும்போது கொடுத்த படிவத்தை நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பிறகு என் முகம் ஒரு விளம்பரத் தாளில் வந்தது, என்னை யாரும் கேட்கவில்லை. குழந்தையைக் கூட்டிப் போவதாக இருந்தால் புகைப்படம் பற்றிய பத்தியை இரண்டு தடவை படி. மாணவர் விசாவில் இருந்தால் சம்பளமில்லாத வேலையும் வார மணிக்கணக்கில் சேரக்கூடும். கல்லூரியில் கேட்டுவிட்டுச் சேர்.

சரி, இந்தச் சனிக்கிழமை பக்கத்து நூலகத்துக்குப் போய்ப் பலகையைப் பார். ஏதாவது இருந்தால் இங்கே போடு, படிவத்தைச் சேர்ந்தே படிப்போம்.