மார்ட்டின் கோர் வாங்கித் தந்தது காகித வெற்றியா?

தண்ணீர்மலை:
பினாங்கின் மார்ட்டின் கோர் மறைந்தது 2020 ஏப்ரல் 1 அன்று. பயனீட்டாளர் சங்கத்தில் தொடங்கி, மூன்றாம் உலக வலையமைப்பை நடத்தி, ஜெனீவா வரை ஏழை நாடுகளுக்காக வாதாடியவர். அந்த உழைப்பின் ஆகப்பெரிய பலன் 2001 நவம்பர் தோஹா பிரகடனம். காப்புரிமை பெற்றவர் சம்மதிக்காவிட்டாலும் அந்த மருந்தைச் செய்ய அரசு தரும் அனுமதிதான் கட்டாய உரிமம்; எந்தக் காரணத்துக்கு அதைத் தரலாம் என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம் என்று உலக வர்த்தக அமைப்பே எழுதித் தந்தது.

இளவேனில்:
அவர்மேல் மதிப்பு உண்டு, ஆனாலும் மறுக்கிறேன். கட்டாய உரிமத்தில் செய்த மருந்தில் பெரும்பங்கு உள்நாட்டுக்கே போகவேண்டும் என்கிறது உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 31(எஃப்) பிரிவு. மருந்தாலையே இல்லாத நாடு எங்கே போகும்? பிரகடனத்தின் 6ஆம் பத்தி அதைத் தள்ளிப்போட்டது. 2003 ஆகஸ்டில் வந்த ஏற்பாட்டைப் பாருங்கள். வாங்கும் நாடு மருந்தின் பெயரையும் அளவையும் முன்கூட்டி அறிவிக்கவேண்டும். விற்கும் நாடு அந்த அளவுக்கு மட்டும் உரிமம் தரும். லேபிள் தனி, உறை தனி, முடிந்தால் மாத்திரையின் நிறமும் வடிவமும்கூட. ருவாண்டா எச்ஐவி மருந்துக்கு 2007 ஜூலையில் அறிவித்தது. கனடாவிலிருந்து முதல் சரக்கு போனது 2008 செப்டம்பரில். அடுத்த ஆர்டருக்கு மறுபடி முதலிலிருந்து!

தண்ணீர்மலை:
அந்த ஏற்பாட்டை கோர் தரப்பும் அன்றே கண்டித்தது. 6ஆம் பத்தியை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். மலேசியா 2003இலேயே இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவின் எச்ஐவி மருந்துகளை, அரசு தன் தேவைக்கே தரும் கட்டாய உரிமமான அரசுப் பயன்பாட்டு உரிமத்தில் இறக்குமதி செய்ய அனுமதித்தது. 2017 செப்டம்பரில் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிர்; அமெரிக்காவில் 12 வாரத்துக்கு 84,000 டாலர் விலை வைத்த மருந்து. 1983 காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு போதுமாக இருந்தது. அரசுப் பயன்பாட்டுக்கு முன்கூட்டிப் பேரம் பேசவேண்டாம். உரிமையாளருக்குத் தகவல் சொல்லி ஈட்டுத்தொகை தந்தால் போதும்.

கடாரம்:
அதற்கு முந்தின மாதமே, சோஃபோஸ்புவிரின் காப்புரிமை நிறுவனமான கிலியட் தன்விருப்ப உரிமப் பட்டியலில், அதாவது மலிவான பிரதி மருந்து விற்கத் தானே அனுமதி தந்த நாடுகளின் பட்டியலில், மலேசியாவைச் சேர்த்துவிட்டதே? அப்புறம் எதற்கு அரசு உரிமம்?

தண்ணீர்மலை:
2014இல் அந்தப் பட்டியல் வந்தபோது மலேசியா அதில் இல்லை. அரசு உரிமம் பற்றிய பேச்சு முற்றிய பிறகுதான் இடம் கிடைத்தது. தோஹா பிரகடனம் கையில் இல்லாமல் அந்தப் பேச்சையே எடுத்திருக்க முடியாது.

இளவேனில்:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2003இல் சிப்லாவிடம் தடையில்லாமல் வாங்க முடிந்ததற்குக் காரணம், அப்போது இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. 2005இல் அது வந்துவிட்டது. இன்று இந்தியாவிலும் காப்புரிமை பெற்ற புது மருந்தென்றால் 31(எஃப்) மறுபடி குறுக்கே நிற்கும். ஏற்றுமதிக்கென்றே இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 92ஏ பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கும் முதலில் வாங்கும் நாடு கட்டாய உரிமம் தரவோ, இறக்குமதிக்கு அனுமதி அறிவிக்கவோ வேண்டும்.