கல்லாவில் பணம் குறைந்தது, என்மேல் திருட்டுப் பழி
கேள்வி: கல்லாக் கணக்கு உதைக்கிறது. ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்து, பணத்தையும் கட்டினால் போலீசுக்குப் போகமாட்டோம் என்கிறார் மேலாளர். நம்பலாமா?

பதில் 1: கையெழுத்தே போடாதீர்கள். அந்தக் கடிதமே நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சி. பணம் கட்டிய ரசீதும் அப்படித்தான். குற்றச்சாட்டை நாள், நேரம், தொகையோடு எழுத்தில் கேளுங்கள். வக்கீலைப் பார்த்தபின் பதில்.

பதில் 2: அதற்கு முன் சிசிடிவி. பழைய பதிவின்மேல் புதியது ஏறி அழிந்துவிடும். அன்றைய பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி இன்றே மின்னஞ்சல் போடுங்கள். பில் போடும் கணினியில் உங்கள் பாஸ்வேர்டை நாலு பேர் பயன்படுத்தினால் ரத்தான பில், ரீஃபண்ட் எல்லாம் உங்கள் பெயரில்தான் விழும். ஷிஃப்ட் மாறும்போது பணத்தை எண்ணி ஒப்படைத்ததற்கான தாள் இருக்கிறதா?

பதில் 3: அலுவலக விசாரணை வேறு, போலீஸ் வழக்கு வேறு. ஆனால் அங்கே சொன்னது இங்கே வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் புலம்புவதும்தான்.