பென்டிக்டனில் கார் சூடாகிறது, சர்ரே வரை ஓட்டலாமா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பென்டிக்டன் ஊருக்கு, ஒகனாகன் ஏரிப் பக்கம் கோடை விடுமுறைக்கு வந்தோம். இப்போது கார் மக்கர் செய்கிறது. 2012 டொயோட்டா சியன்னா, 3.5 லிட்டர் வி6.

சமவெளியில் ஓடினால் பிரச்சினை இல்லை. நரமாட்டா திராட்சைத் தோட்டங்களுக்கு மேடேறும்போது ஏசி போட்டால் இன்ஜின் வெப்பம் காட்டும் முள் சிவப்பை நெருங்குகிறது. ஹீட்டரைத் திறந்துவிட்டால் இறங்குகிறது (இந்த வெயிலில் ஹீட்டர்! பின்சீட்டில் செர்ரிப் பெட்டி வேறு).

கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றினேன், மறுநாளே குறைந்துவிட்டது. ரேடியேட்டர் மூடியும் தெர்மோஸ்டாட்டும் புதிது. ஃபேன் சுற்றுகிறது. தரையில் சொட்டு இல்லை. ஆனால் பெல்ட் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் அடியில் இளஞ்சிவப்பாகக் காய்ந்த கூலன்ட் படிவு. விசாரித்த கராஜ்களில் அடுத்த வாரம்தான் இடமாம். அறையை ஞாயிறு காலி செய்ய வேண்டும்.

சர்ரேயில் உள்ள வீட்டுக்குக் கிட்டத்தட்ட 400 கி.மீ. 97சி நெடுஞ்சாலை வழியில் பென்னாஸ்க் உச்சி 1,728 மீட்டர். அதனால் மேனிங் பார்க் வழியே 3ஆம் நெடுஞ்சாலையை யோசிக்கிறேன், அங்கே ஆலிசன் கணவாய் 1,342 மீட்டர்தான்.

இந்த பம்ப்பை வைத்துக்கொண்டு, ஏசி இல்லாமல், இரவில் மெதுவாக அந்த ஏற்றத்தைத் தாண்டலாமா, இல்லை இங்கேயே மாற்றித்தான் ஆக வேண்டுமா?