ஈஆர்பி திரையில் 61 சதவீதம், முடிந்தபோது 118. எங்கே கோட்டை விட்டோம்?

தூக்கம்கெட்டவன் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஆலைகளுக்கு கன்வேயர் வடிவமைத்து, செய்து, கொண்டுபோய் நிறுவிக் கொடுக்கும் நிறுவனத்தில் ப்ராஜெக்ட் மேனேஜர் நான். முன்பெல்லாம் எல்லாமே எக்செல்தான். ஈஆர்பி (கொள்முதல், ஸ்டோர், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருள்) வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, ப்ராஜெக்ட் மாட்யூலும் சேர்த்துத்தான் வாங்கினார்கள். மென்பொருள் பெயர் வேண்டாம், இந்தக் கதை எல்லாவற்றிலும் நடக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்பது மாத ப்ராஜெக்ட் ஒன்று. ஏழாவது மாத ரிவ்யூவில் திரையைக் காட்டினேன்: பட்ஜெட்டில் 61 சதவீதம் செலவு, வேலை 88 சதவீதம் முடிந்தது. மேலிடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். அடுத்த இரண்டு மாதத்தில் பில் மேல் பில்லாக வந்து விழுந்து, கணக்கு மூடும்போது 118 சதவீதத்தில் நின்றது. ரிவ்யூவில் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இவ்வளவு செலவு செய்து ஈஆர்பி வைத்திருக்கிறோமே, உங்களுக்கு முன்னாடியே தெரியவில்லையா?” தெரியவில்லை என்பதுதான் உண்மை.

வேடிக்கை என்னவென்றால், என் டீமில் ஒருவர் பழைய எக்செல்லை யாருக்கும் சொல்லாமல் தொடர்ந்து வைத்திருந்தார், அதில் 110க்குப் பக்கத்தில் காட்டியிருக்கிறது. சிஸ்டம் தப்பாகக் கணக்குப் போடுகிறதா, நாங்கள்தான் தப்பாகப் பயன்படுத்துகிறோமா? டபிள்யூபிஎஸ் (ப்ராஜெக்ட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு கொடுப்பது) எல்லாம் நன்றாக விரிவாகத்தான் போட்டிருக்கிறோம், மொத்தம் 214 வரிகள்.

பேரேடு எழுதியது:

சிஸ்டம் தப்பாகக் கணக்குப் போட்டிருக்காது. நீங்கள் பார்த்த 61 என்பது கணக்குப் புத்தகத்தில் ஏறிய செலவு, அவ்வளவுதான். பிஓ (கொள்முதல் ஆணை) போட்டு இன்னும் பில் வராதது அதில் இருக்காது. உங்கள் நண்பர் எக்செல்லில் என்ன செய்திருப்பார் என்று நான் சொல்லட்டுமா? பிஓ கையெழுத்தான அன்றே அந்தத் தொகையைக் கழித்திருப்பார். ரகசியம் ஒன்றுமில்லை.

இதை எங்கள் பக்கம் கமிட்மென்ட் என்போம், அதாவது வாக்குக் கொடுத்துவிட்ட பணம். எஸ்ஏபி என்ற ஈஆர்பியில் ப்ராஜெக்ட் கோடு போட்டு கொள்முதல் கோரிக்கை எழுப்பினாலே கமிட்மென்ட்டாக நிற்கும், பிஓவாக மாறினால் பிஓ கமிட்மென்ட், சரக்கு வந்து ஜிஆர்என் என்ற சரக்கு வரவுப் பதிவைப் போட்டதும் (மதிப்போடு பதிவாகும் வகையாக இருந்தால்) அது குறைந்து உண்மைச் செலவாக ஏறும். சிஜேஐ3 திரையில் ஏறிய செலவு, சிஜேஐ5 திரையில் கமிட்மென்ட். இரண்டையும் கூட்டிப் பார்க்காதவன் பாதிக் கணக்குத்தான் பார்க்கிறான். ஈஆர்பிநெக்ஸ்ட் மாதிரி இன்னொன்றை எடுத்தால், ப்ராஜெக்ட் பக்கத்தில் வரும் கொள்முதல் செலவு பர்ச்சேஸ் இன்வாய்ஸ் வழியாக ஏறுவது. பில் வராத பிஓவை நீங்கள்தான் தனி ரிப்போர்ட்டாக எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். குறை சொல்லவில்லை, அது அப்படி அமைக்கப்பட்டது, திரையில் தலைப்பிலேயே எழுதியும் இருக்கும். நாம்தான் படிப்பதில்லை.

அடுத்தது அந்த 88. டாஸ்க் எண்ணிக்கையை வைத்து வந்த சதவீதமா? அப்படியானால் அதை மறந்துவிடுங்கள். வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்குவதும் ஒரு டாஸ்க், முழு கன்வேயரையும் தூக்கி நிறுத்துவதும் ஒரு டாஸ்க். எண்ணினால் இரண்டும் ஒன்றுதான். சின்ன டாஸ்க்குகள்தான் முதலில் முடியும், அதனால் இந்த எண் எப்போதும் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டுக் கடைசியில் அழவைக்கும். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் எடை கொடுக்கும் வசதி பெரும்பாலான மென்பொருளில் இருக்கிறது, பட்ஜெட் தொகையையே எடையாகக் கொடுங்கள்.

ஏழாவது மாதக் கடைசித் தேதிக்கு மூன்று எண்கள் எடுத்துத் தர முடியுமா? ஒன்று, சரக்கு வந்து பில் ஏறாதது. இரண்டு, பிஓ போட்டுச் சரக்கே வராதது. மூன்று, ஆட்கள் வேலை செய்து டைம்ஷீட் ஏறாதது. பட்ஜெட் 100 என்று வைத்துச் சொன்னால் போதும், உண்மைத் தொகை இங்கே வேண்டாம்.

தூக்கம்கெட்டவன் எழுதியது:

இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தேன். பட்ஜெட் 100 என்றால்: ஏறிய செலவு 61. சரக்கு வந்து பில் ஏறாதது 19. பிஓ மட்டும் போட்டது 8. டைம்ஷீட் 6 (நிறுவப் போன டீம் ஆறு வாரத்துக்கு நிரப்பவே இல்லை). நீங்கள் சொன்னபடி பட்ஜெட்டை எடையாக வைத்துப் பார்த்தால் வேலை 88 இல்லை, 73.

பேரேடு எழுதியது:

பாருங்கள், அன்றைக்கே விடை இருந்திருக்கிறது. செய்த வேலைக்கான உண்மைச் செலவு 61, 19, 6, ஆக 86 (சரக்கே வராத 8 இதில் சேராது). முடிந்த வேலையின் பட்ஜெட் மதிப்பு 73. 73ஐ 86ஆல் வகுத்தால் 0.85, அதாவது நூறு செலவழித்து எண்பத்தைந்துக்குத்தான் வேலை வாங்கியிருக்கிறீர்கள். மொத்த பட்ஜெட் 100ஐ அந்த 0.85ஆல் வகுங்கள். 118 வரும். இப்படி அச்சாக ஒத்துப்போவது அதிர்ஷ்டம், எப்போதும் இவ்வளவு கச்சிதமாக வராது. ஆனால் 61ஐப் பார்த்துக் கைதட்டியிருக்க மாட்டீர்கள்.

டைம்ஷீட் பற்றி ஒன்று. நிரப்பினாலும் உடனே செலவாகிவிடாது. எஸ்ஏபியில் கேட்2 திரையில் பதிவு, அப்புறம் ஒப்புதல், அப்புறம் கேட்7 ஓட்டி கணக்குக்கு மாற்றுவது என்று மூன்று படி. மேனேஜர் ஒப்புதல் கொடுக்காமல் லீவில் போனால் அந்த மணிநேரம் எல்லாம் அந்தரத்தில் தொங்கும். உங்கள் 6இல் எவ்வளவு நிரப்பாதது, எவ்வளவு நீங்களே ஒப்புதல் கொடுக்காதது என்றும் பார்த்துவிடுங்கள். கோபிக்க வேண்டாம்.

ஸ்டோர்சாவி எழுதியது:

214 வரி டபிள்யூபிஎஸ் என்று படித்ததும் வயிற்றைக் கலக்கியது, அதனால்தான் எழுதுகிறேன். நான் ஸ்டோர் பக்கம் பன்னிரண்டு வருடம் இருந்தவன். லாரி வாசலில் நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார், சரக்கை எடுத்தால்தான் ஜிஆர்என், ஜிஆர்என் போட ஒரு கோடு வேண்டும், பிஓவில் வாங்கியவர் எதையோ போட்டிருப்பார் அல்லது காலியாக விட்டிருப்பார். கீழே இழுத்தால் 214 கோடு. யாராக இருந்தாலும் முதலில் வருவதைத்தான் அமுக்குவார்கள். உங்கள் பட்டியலில் முதல் வரி எது, அதன் மேல் என்ன செலவு உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு முறை திறந்து பாருங்கள். நாங்கள் ஒரு முறை பார்த்தபோது “ஆரம்பக் கூட்டம்” என்ற வரியில் நான்கு டன் எஃகு இருந்தது. நல்ல கூட்டம்தான்.

இன்னொன்று, பொது ஸ்டாக்குக்கு வாங்கிய போல்ட், பேரிங், மோட்டார் எல்லாம் வாங்கும்போது ப்ராஜெக்ட்டில் ஏறாது. ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது ப்ராஜெக்ட் கோடு போட்டால்தான் ஏறும். அவசரத்தில் இன்னொரு ப்ராஜெக்ட்டுக்காக வைத்ததை எடுத்துக்கொண்டு போவார்கள், “அப்புறம் எழுதிக்கலாம்” என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. முக்கியமான சரக்கையாவது ப்ராஜெக்ட் பெயரிலேயே தனி ஸ்டாக்காக வையுங்கள்.

டபிள்யூபிஎஸ்ஸை வேலைப் பட்டியலாக நினைக்காதீர்கள். இந்தப் பணத்துக்கு யார் பதில் சொல்வார் என்று கேட்டால் ஒரு பெயர் வர வேண்டும், அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் மாதிரி வேலைக்குப் பதினைந்து இருபது வரி தாராளம். முடிந்துபோன ப்ராஜெக்ட்டையும் மூடுங்கள். எஸ்ஏபியில் டெக்கோ (வேலை அளவில் முடிந்தது என்ற நிலை) போட்டுவிட்டால் மூடியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், டெக்கோவுக்குப் பிறகும் செலவு ஏறும். முழுதாக மூடும் வரை அது ஆளில்லாத வீடுதான், எவரும் குப்பை கொட்டலாம்.

நாட்காட்டி எழுதியது:

நான் திட்டமிடும் ஆள், கொஞ்சம் மாற்றுக் கருத்து. எல்லோரும் பணத்தையே பேசுகிறீர்கள். ஈஆர்பிக்குள்ளேயே முழு அட்டவணையையும் போட வேண்டும் என்று ஆரம்பித்ததால்தான் 214 வரி வந்திருக்கும். எந்த வேலை தாமதித்தால் எது நகரும் என்று பார்க்க ப்ரைமவேரா பி6, எம்எஸ் ப்ராஜெக்ட் மாதிரி கருவிகள் இருக்கின்றன, அந்த வேலையை அங்கே செய்யுங்கள். அங்கே ஐநூறு வரி இருந்தாலும் பரவாயில்லை. இரண்டுக்கும் பாலமாக டபிள்யூபிஎஸ் கோடு ஒன்று மட்டும் பொதுவாக இருக்கட்டும், ஐநூறு வேலையில் ஒவ்வொன்றும் அந்தப் பதினைந்தில் ஒன்றின் கீழ் வரட்டும்.

இரண்டு இடத்தில் தேதி வைத்தால் இரண்டும் சண்டை போடும் என்பது உண்மைதான், நானே பட்டிருக்கிறேன். பிரிண்ட் எடுத்து வந்து ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். அதனால் ஈஆர்பிக்குள் மைல்கல் தேதிகள் மட்டும், அதுவும் வாடிக்கையாளருக்குப் பில் போடும் மைல்கற்கள் மட்டும். மற்றதைத் தொடாதீர்கள். பட்ஜெட் கட்டுப்பாட்டை உடனே இறுக்கமாகப் போடச் சொல்வார்கள், அதற்கும் அவசரப்பட வேண்டாம். எஸ்ஏபியில் அது மூன்று நிலை: எச்சரிக்கை, எச்சரிக்கையோடு பொறுப்பாளருக்கு அஞ்சல், கடைசியில் பதிவையே தடுப்பது. தவறான வரியில் செலவு ஏறும் நிலைமையில் தடுப்பைப் போட்டால், பணம் இருக்கும் வேறு வரியைத் தேடிப் போடுவார்கள், உங்கள் கணக்கு இன்னும் நாறும். முதல் சில மாதம் அஞ்சலோடு நிறுத்துங்கள்.

தூக்கம்கெட்டவன் எழுதியது:

ஸ்டோர்சாவி அண்ணே, நீங்கள் சொன்னதைப் பார்த்தேன். எங்கள் முதல் வரி “1.1 தள ஆய்வு”. அதன் பட்ஜெட் 1, ஏறியிருப்பது 7. உள்ளே இரண்டு கியர்பாக்ஸ், ஒரு கிரேன் வாடகை. ஆய்வுக்குப் போனவர் ஒரு டேப்பும் நோட்டும்தான் எடுத்துப் போனார்.

பேரேடு கேட்ட 6இல் பாதிக்கு மேல் என் ஒப்புதலுக்காக நின்றது. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது ஓடும் ப்ராஜெக்ட்டில் 16 வரியாகக் குறைத்துவிட்டேன், திங்கள்தோறும் கமிட்மென்ட் ரிப்போர்ட்டையும் செலவு ரிப்போர்ட்டையும் ஒரே தாளில் எடுக்கிறோம். எக்செல் நண்பரிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்தேன், அவர் இன்னும் எக்செல்லை மூடவில்லை, இரண்டும் மூன்று மாதம் ஒத்துப்போனால் மூடுகிறேன் என்கிறார். ஒரு சந்தேகம்: இந்தப் ப்ராஜெக்ட்டிலும் தவறான வரியில் ஏறிய பழைய பில்கள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து கோடை மட்டும் மாற்றலாமா?

பேரேடு எழுதியது:

வேண்டாம். போஸ்ட் ஆன பில்லில் கை வைத்தால் மூடிய மாதக் கணக்கு மாறும், உங்கள் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் தேடி வருவார்கள். பில் அப்படியே இருக்கட்டும். தவறான வரியில் கழித்துச் சரியான வரியில் ஏற்றும் மாற்றுப் பதிவு மட்டும் போடுங்கள், இந்த மாதத் தேதியில். எஸ்ஏபி என்றால் கேபி61 திரை, மற்றவற்றில் ஜர்னல் என்ட்ரி. விவரத்தில் பழைய பில் எண்ணை எழுத மறக்காதீர்கள், ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது உங்களுக்கே நினைவிருக்காது. அந்த இரண்டு கியர்பாக்ஸில் இருந்து ஆரம்பியுங்கள்.